குமராட்சியில் பஸ் ஏறினால் சோழர் காலம்: ஒரே நாளில் சுற்றி வரலாம்

குமராட்சி,

லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிட்டு போறது என்பது எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆனால் சிதம்பரம்–காட்டுமன்னார்கோவில் சாலையில் இருக்கும் குமராட்சியில் இருந்து, கட்டுச்சோறும் பஸ் காசும் இருந்தால் போதும். 1,000 ஆண்டு வரலாற்றை ஒரே நாளில் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

வீராணம் ஏரி

முதலில் லால்பேட்டை. இங்கு இறங்கினால் கடல் போல விரிந்து கிடக்கும் வீராணம் ஏரி. 10-ம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. அவனது பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதுதான் மருவி வீராணம் ஆனது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையும் இந்த ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது.

ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. சுமார் 44 ஆயிரத்து 856 ஏக்கர் நிலம் இதை நம்பி இருக்கிறது. 2004-ம் ஆண்டு முதல் சென்னைக்கும் குடிநீர் போகிறது. மழைக்காலத்தில் வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்தால் குமராட்சி பகுதி வயல்கள் தத்தளிக்கும். சோறு போடுவதும் இந்த ஏரிதான், பயம் காட்டுவதும் இந்த ஏரிதான்.

கொலையாளிகள் பெயர் உள்ள கோவில்

அடுத்தது காட்டுமன்னார்கோவில். நாலாயிர திவ்ய பிரபந்தத்தை தொகுத்த நாதமுனிகளும், அவரது பேரன் ஆளவந்தாரும் அவதரித்த ஊர். இங்குள்ள வீரநாராயண பெருமாள் கோவில் பிரபலம்.

பக்கத்திலேயே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவில். ராஜராஜ சோழன் ஆட்சிக்கு வந்த 2-ம் ஆண்டு வெட்டிய கல்வெட்டு இங்கே இருக்கிறது. அவனது அண்ணன் ஆதித்த கரிகாலனை கொன்ற துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயரை சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலங்களையும் பறிமுதல் செய்ததை அது கூறுகிறது. சினிமாவில் பார்த்து வியந்த கதைக்கு கல்லில் உள்ள சாட்சி இதுதான்.

தேர் வடிவ கோவில்

காட்டுமன்னார்கோவில் அருகே மேலக்கடம்பூர். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கருவறையையே சக்கரம் பூட்டிய தேர் போல கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். காளை மீது ஆடும் சிவன் செப்புத்திருமேனி ஒன்றும் இங்கு உண்டு. அது வங்காளத்து பாலர் கலைப்பாணியை சேர்ந்தது.

பெயர்த்து எடுத்த கல்

அங்கிருந்து மீன்சுருட்டி வழியாக கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழனின் தலைநகர். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெரிய கோவில் இது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று செங்கல் அடித்தளம்தான் மிச்சம்.

கோவிலின் கல் மதில் எங்கே போச்சு என்று கேட்பவர்கள், கும்பகோணம் சாலையில் அணைக்கரைக்கு போக வேண்டும். 1836-ல் வெள்ளைக்காரர்கள் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கோவில் மதிலை இடித்து அந்த கற்களை கொண்டு போனார்கள். தடுக்க வந்த ஊர் ஜனங்களை தண்டித்தார்கள். பதிலுக்கு செங்கல் சுவர் கட்டித் தருவதாக சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று ஆங்கிலேயர் கால குறிப்பே சொல்கிறது.

அந்த கீழணையில் இருந்துதான் வடவாறு வழியாக வீராணத்துக்கு தண்ணீர் வருகிறது. அதாவது ராஜேந்திரன் கட்டிய மதிலின் கல், அவனது எள்ளுத்தாத்தா வெட்டிய ஏரிக்கு தண்ணீர் திருப்பி விடுகிறது. குமராட்சி பக்கத்து வயலிலும் அந்த தண்ணீர்தான் பாய்கிறது.

கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான கோவில்களில் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலையிலேயே கிளம்பி காட்டுமன்னார்கோவில், மேலக்கடம்பூரை முடித்துவிட வேண்டும். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு மாளிகைமேட்டை பார்த்துவிட்டு, மாலையில் கங்கைகொண்ட சோழபுரம் கோவிலுக்குள் போகலாம். ஏரி, அணை பக்கம் பிள்ளைகளை தண்ணீரில் இறங்க விடக்கூடாது.

முக்கியமாக, கல்வெட்டு மீது பெயர் கிறுக்குவதும் விபூதி, குங்குமம் தடவுவதும் வேண்டாம். மதில் போனது போனதுதான். மிச்சம் இருக்கும் எழுத்தையாவது நம்ம பிள்ளைகள் படிக்க விட்டு வைப்போம்.