இடுப்பு மடக்குத் தசைகளுக்கான தொக்கணம்

தொக்கணம் என்பது சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் ஒன்று. எண்ணெயிட்டோ இடாமலோ உடலைப் பிடித்துவிடும் சிகிச்சை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும்.

இடுப்பு மடக்குத் தசைகளுள், தொடையை வயிற்றை நோக்கி மடக்கும் முதன்மைத் தசையான இலியோசோவாஸ், கீழ்முதுகு முள்ளெலும்புகளிலும் இடுப்பெலும்பின் உட்புறத்திலும் தொடங்கித் தொடையெலும்பின் மேற்பகுதியில் இணைகிறது. தொடையின் முன்புறத்து ரெக்டஸ் ஃபெமோரிஸ் அதற்குத் துணைபுரிகிறது. நெடுநேரம் அமர்ந்திருத்தலும் மிகையான ஓட்டப் பயிற்சியும் இத்தசைகளில் இறுக்கத்தையும் வலியையும் உண்டாக்கலாம்.

இத்தசைகளுக்கான மென்முறைப் பிடித்துவிடலில், நோயர் மல்லாந்து படுக்க, முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைக்கப்படும். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, தொடையின் முன்தசை உள்ளங்கையால் நீவப்படும். பின்னர் இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறத்தில், நோயர் மூச்சை வெளிவிடும் வேளையில், விரல்களைச் சேர்த்து மெல்ல அழுத்தம் தரப்படும். கவட்டையில் நாடி துடிக்கும் இடம் தவிர்க்கப்படும். கர்ப்பம், குடலிறக்கம், காலில் இரத்த உறைவு, காய்ச்சல், அண்மைய அறுவை சிகிச்சை ஆகிய நிலைகளில் வயிற்றுப்பகுதி அழுத்தம் விலக்கப்படுகிறது.