வீட்டில் இருப்பதை வைத்துக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான்: எந்த வயதில் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வளர்ந்தவர்களுக்கு, கையில் இருப்பதைக்கொண்டு விளையாட்டுச் சாமான் செய்வது புதிய விடயம் அல்ல. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் விளக்குச் செய்த அதே வீடுகளில், மீன் ரின்னில் லொறியும் நுங்கு குடித்த கோம்பையில் வண்டியும் செய்தார்கள். சைக்கிள் ரிம் ஒன்று கிடைத்தால் ஒழுங்கை முழுவதும் உருட்டினார்கள். ஆனால் அவை ஓடித் திரியும் பிள்ளைகளுக்கானவை. தொட்டிலிலும் பாயிலும் கிடக்கும் குழந்தைக்கு என்ன செய்து கொடுப்பது என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள் பலர் இன்று தாய் தந்தையர். பதுங்குகுழியிலும் இடப்பெயர்விலும் முகாமிலும் கழிந்த அவர்களுடைய பிள்ளைப்பருவத்தில், கூட இருந்து விளையாடப் பெரியவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. குழந்தையோடு என்ன கதைப்பது, எப்படி விளையாடுவது என்று அவர்கள் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளையாட்டுச் சாமான் என்பது குழந்தையோடு கதைக்க நமக்குக் கிடைக்கும் ஒரு சாட்டு. அந்தச் சாட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை.

இதற்கு வலுவான சான்று ஜமேக்காவில் இருந்து வருகிறது. 1986 – 87 காலப்பகுதியில் தலைநகர் கிங்ஸ்ரனின் வறிய குடியிருப்புகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஊட்டக்குறைவால் உயரம் குன்றிய 129 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று இரண்டு வருடங்கள் சென்றார்கள். கழிவுப் பொருட்களில் கையால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டுபோய், தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடப் பழக்கினார்கள். இருபது வருடங்களின் பின் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் அவ்வாறான உதவி கிடைக்காத பிள்ளைகளைவிட ஏறத்தாழ 25 சதவீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது வாரம் ஒரு மணித்தியால வருகையும், அதனால் வீட்டில் கூடிய கதையும் விளையாட்டும்தான்.

பிறப்பு முதல் 3 மாதம் வரை

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தாயின் முகத்துக்கும் இடையில் உள்ள தூரமும் அதுதான். எனவே முதல் விளையாட்டுச் சாமான் உங்கள் முகம்.

பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் தடித்த கோடுகள், வட்டம், ஒரு முகம் என்று வரையுங்கள். இந்த வயதில் இளநிறங்களைவிடக் கறுப்பு வெள்ளையே கண்ணைப் பிடிக்கும். மட்டையைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து, மெதுவாக இடம் வலமாக நகர்த்துங்கள். கண் பின்தொடரும். குழந்தை முகத்தைத் திருப்பினால் களைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நிறுத்திவிடுங்கள்.

3 முதல் 6 மாதம் வரை

கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கும் காலம். பிடிப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

கிலுகிலுப்பை: குழந்தையின் கைக்கு அடங்கும் சிறிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். கால் பங்குக்கு அரிசியோ பயறோ போட்டு, மூடிக்குப் பசை பூசி இறுக்குங்கள். பசை காய்ந்த பின் முழுப் போத்தலையும் பழைய காலுறை ஒன்றுக்குள் விட்டு வாயைத் தைத்துவிடுங்கள். மூடி கழன்றாலும் தானியம் குழந்தையின் வாய்க்குப் போகாது. ஈரம் பட்டால் தானியத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை பிரித்துப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு பக்கம் கிலுக்குங்கள், குழந்தை திரும்பும். பின்னர் மறுபக்கம். ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே இந்த வயதின் படிப்பு.

6 முதல் 9 மாதம் வரை

துணிப்பந்து: பழைய சேலை, சாரத் துணிகளில் வெவ்வேறு நிறத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே துணிக் கழிவையோ இலவம்பஞ்சையோ அடையுங்கள். பெரியவரின் கைமுட்டி அளவு போதும். உருட்டிவிட்டால் எட்டிப் பிடிக்க முயலும் குழந்தை, தவழவும் பழகும்.

சிரட்டை: இரண்டு பாதிச் சிரட்டைகளின் தும்பைச் சுரண்டி, விளிம்பையும் மேற்பரப்பையும் மணல்தாளால் வழுவழுப்பாகும்வரை தேயுங்கள். தட்டினால் நல்ல ஓசை. ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்து மரக்கரண்டியைக் கொடுத்தால் அதுவே மேளம்.

ஒளித்துக் காட்டுதல்: பந்தைத் துவாயால் மூடி, "எங்கே பந்து?" என்று கேட்டு எடுத்துக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனது இல்லாமல் போய்விடவில்லை என்பதைக் குழந்தை இந்த விளையாட்டில்தான் அறிகிறது. முகத்தை மூடித் திறந்து அம்மம்மாமார் விளையாடுவதும் இதைத்தான் கற்பிக்கிறது.

9 மாதம் முதல் ஒன்றரை வயது வரை

போடுவதும் எடுப்பதும் பிடித்தமான வேலை. ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியில் ஒரு நீளத் துளை வெட்டி, ஜாம் போத்தல் மூடிகளை அதற்குள் போடக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தல் மூடி வேண்டாம், அது தொண்டையில் அடைக்கும் அளவு. ஒவ்வொன்றாகப் போடும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். "தா", "இந்தா", "உள்ளே", "வெளியே" என்ற சொற்கள் இப்படித்தான் ஒட்டும்.

துணிப்பாவை செய்வதானால் கண்ணுக்குச் சட்டைத் தெறி வைக்காமல் நூலால் தைத்துவிடுங்கள்.

இவற்றைக் கட்டாயம் பாருங்கள்

• 4 சென்ரிமீற்றரைவிடச் சிறிய எதுவும் தனியாகக் கையில் கிடைக்கக் கூடாது. புளியங்கொட்டை, மணிகள், சோடா மூடி எல்லாம் இதில் அடங்கும்.

• கயிறு, நூல், நாடா 20 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம் வேண்டாம். தொட்டிலுக்குக் குறுக்கே எதையும் கட்டிவிட்டுப் போகாதீர்கள்.

• பொலித்தீன் பையும் உடைந்த பலூன் துண்டும் மூச்சை அடைக்கும். பொத்தான் பற்றரியை விழுங்கினால் சில மணித்தியாலங்களிலேயே உணவுக்குழாயை அரிக்கும். அப்படி நடந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

• குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் கடும் நஞ்சு. கிலுகிலுப்பைக்குள்ளும் போட வேண்டாம். மஞ்சள் அலரி விதையும் அப்படியே. நமது வேலியோரங்களில் இரண்டும் உண்டு.

• மருந்தடிக்கும் போத்தல், மண்ணெண்ணெய்க் கலன், பழைய பெயின்ற் பூசிய பலகை என்பவற்றை எவ்வளவு கழுவினாலும் பாவிக்க வேண்டாம்.

• பனையோலை நல்ல பொருள்தான். ஆனால் ஓலையின் விளிம்பு வெட்டும், சாயம் வாய்க்குப் போகும். பின்னிய பெட்டியோ கிலுகிலுப்பையோ கொடுப்பதானால் சாயம் போடாததாக, விளிம்பு மடித்துப் பின்னியதாகப் பாருங்கள்.

இன்னொன்றை இந்த மண்ணில் வாழும் நாம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காணி துப்புரவு செய்யும்போதோ, குளக்கரையிலோ, கிணறு இறைக்கும்போதோ கிடைக்கும் உலோகத் துண்டு, குழாய், ரவைக் கோது எதையும் விளையாட்டுச் சாமானுக்கென்று எடுக்காதீர்கள். தம்பிக்கு விளையாட என்று பழைய இரும்பு பொறுக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிச் சென்று கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

விளையாட்டு காட்டித் தரும் அறிகுறிகள்

மூன்று நான்கு மாதமாகியும் நகரும் மட்டையைக் கண் பின்தொடரவில்லை, கிலுகிலுப்பைச் சத்தத்துக்கு எந்த அசைவும் இல்லை, ஆறு மாதமாகியும் பொருளை எட்டிப் பிடிக்க முயலவில்லை, ஒன்பது மாதமாகியும் பிடிமானம் இல்லாமல் இருக்கவில்லை என்றால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை வளர்ச்சி சற்று முன்பின் ஆகும். ஆனால் கேட்கும் குறைபாடு போன்றவற்றை எவ்வளவு முந்திக் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

தாய்க்கே பேச்சு வராத நாட்களும் உண்டு. இழப்புகளைச் சுமந்த வீடுகளில் அது அதிகம். நித்திரை இன்மை, காரணமற்ற அழுகை, குழந்தையைத் தூக்கவே மனமின்மை என்பன தொடர்ந்தால் அது சோம்பலோ பாசக்குறைவோ அல்ல. அதுவும் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ சொல்ல வேண்டிய விடயம்தான். அதுவரை அப்பாவோ, அப்பம்மாவோ, பாடசாலை விட்டு வரும் அக்காவோ ஒரு பதினைந்து நிமிடம் பாயில் இருக்கலாம். துணிப்பந்தை யார் உருட்டினாலும் குழந்தை சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தாயும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.