இரும்பு இசை – 14: பெய்ரூட் வழியாக வந்த இரைச்சல்

சென்ற வாரம் பர்மிங்ஹாம் ஆலையில் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் விரல் நுனிகள் துண்டானதையும், விரல் நோகாமல் வாசிக்க அவர் பிற்பாடு கிட்டார் தந்திகளைத் தளர்த்தியதையும் பார்த்தோம். அந்தக் கனத்த ஓசை, கால் நூற்றாண்டு கழித்து லாஸ் ஏஞ்சலஸ் ஆர்மீனியர் நால்வரிடம் சிக்கியது. அவர்களும் தந்தியைக் கீழே இறக்கினார்கள்.

குழுவின் பெயர் சிஸ்டம் ஆஃப் எ டவுன். பாடகர் செர்ஜ் டாங்கியன் 1967இல் பெய்ரூட்டில் பிறந்தவர். உள்நாட்டுப் போர் மூண்டதும் குடும்பம் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டது. டிரம்ஸ் வாசித்த ஜான் டோல்மயானும் லெபனானில் பிறந்தவரே. பேஸ் கிட்டார் ஷாவோ ஒடாஜியன் யெரெவான்காரர். கிட்டார் டாரன் மலாக்கியன் பிறந்தது ஹாலிவுட்டில். பெற்றோர் ஈராக்கிலிருந்து வந்தவர்கள். ஆர்மீனியக் குடும்பங்கள் பெய்ரூட்டுக்கும் ஈராக்குக்கும் ஏன் போயின என்று கேட்டால் பதில் 1915இல் இருக்கிறது. உஸ்மானியப் பேரரசு ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. எஞ்சியவர்களைச் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவிட்டது. பிழைத்தவர்கள் ஒதுங்கிய ஊர்களில் பெய்ரூட்டும் ஒன்று. செர்ஜின் தாத்தா அப்படிப் பிழைத்துவந்தவர்.

1994இல் குழு உருவானது. ஸ்லேயர் குழுவின் புகழ்பெற்ற ஆல்பத்தைத் தயாரித்த ரிக் ரூபின் இவர்களைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். நிர்வானாவின் 'நெவர்மைண்ட்' பதிவான அதே சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு. குழுவின் பெயரையே தலைப்பாகக்கொண்ட முதல் ஆல்பம் 1998 ஜூன் 30 அன்று வந்தது. 13 பாட்டு, சுமார் 40 நிமிடம்.

விமர்சகர்கள் இதை 'நியூ மெட்டல்' பெட்டியில் போட்டு மூடினார்கள். சோம்பேறித்தனம் என்பேன். 'சுகர்' பாட்டைக் கேளுங்கள். இரண்டரை நிமிடம்தான். முரட்டு கிட்டாரில் தொடங்கி, சட்டென்று அடங்கி, ஜாஸ் சாயலில் பேஸ் நடைபோட, செர்ஜ் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுகிறார். பிறகு கூச்சல். முடிவில் மெதுவாக ஆரம்பிக்கும் ஒரு பகுதி, அடிக்கு அடி வேகமெடுத்து வெறியில் போய் நிற்கிறது. 'பீப்ஹோல்' திஸ்ர நடையில் சர்க்கஸ் கூடார இசைபோல் தள்ளாடுகிறது. 'ஸ்பைடர்ஸ்' இருட்டாக ஊர்கிறது. த்ராஷ் மெட்டலின் வேகம், ஹார்ட்கோர் பங்கின் சுருக்கம், நடுவே மேற்காசிய இழுவையில் குழையும் குரல். ஒரே பாட்டுக்குள் இவை முட்டி மோதுகின்றன. கோமாளிக் குரலையும் கொலைவெறிக் கத்தலையும் ஒரே தொண்டை எழுப்புவதால், கேட்பவருக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரிவதில்லை. அந்தத் தடுமாற்றத்தை வைத்தே அவர்கள் 12 பாட்டுகளை ஓட்டுகிறார்கள்.

பதின்மூன்றாவதில் விளையாட்டு இல்லை. 'பிளக்' என்ற அந்தப் பாட்டு 1915ஐ நேரடியாகப் பேசுகிறது; குற்றத்தை ஒப்புக்கொள், இழந்ததைத் திருப்பிக் கொடு, ஈடு செய் என்று துருக்கிக்குக் கோரிக்கை வைக்கிறது. துருக்கி நேட்டோ கூட்டாளி. அதன் மனம் கோணக்கூடாதென்று 'இனப்படுகொலை' என்ற சொல்லை அமெரிக்க அதிபர்கள் சுற்றி வளைத்துத் தவிர்த்துவந்த காலம் அது. ஆர்மீனியா எங்கே இருக்கிறதென்றே அறியாத அமெரிக்கப் பையன்கள் ஆஸ்ஃபெஸ்ட் இசைவிழாத் திடலில் இந்தக் குழுவின் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தால் அவர்கள் படித்திருப்பார்களா, சந்தேகம்தான்.

அட்டைப்படமும் சும்மா எடுத்ததல்ல. விரல்களை விரித்து எதையோ பற்ற நீளும், அழுக்கேறிய ஒரு தொழிலாளியின் கை. 1928 தேர்தலுக்காக ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஜான் ஹார்ட்ஃபீல்ட் செய்த சுவரொட்டி அது. கட்சியின் பட்டியல் எண் 5, அதற்கு ஐந்து விரல். ஹார்ட்ஃபீல்ட் பின்னாளில் ஹிட்லரைப் படங்களால் கிழித்த கலைஞர். கொலம்பியா போன்ற பெருநிறுவனத்தின் வழியாகக் கடைக்குப் போன ஆல்பத்தில் இந்தக் கை இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

விற்பனை மெதுவாகத்தான் ஏறியது. பில்போர்ட் பட்டியலில் 124ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஊர் ஊராக வாசித்து வாசித்தே 2000இல் 'கோல்ட்' சான்றிதழ் வாங்கினார்கள். அரசியல் அதைவிட மெதுவாக நகர்ந்தது: அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இனப்படுகொலையை அங்கீகரித்தது 2019இல். அதிபர் பைடன் அந்தச் சொல்லை அதிகாரபூர்வமாக எழுதியது 2021 ஏப்ரல் 24 அன்று.

இரண்டாவது ஆல்பம் 2001 செப்டம்பர் 4 அன்று வந்தது. ஏழாம் நாள் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அதற்குப் பின் வானொலிகள் இவர்கள் பாட்டை என்ன செய்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)