காற்றைத் தேடிய எஞ்சின்: டூரினிலிருந்து குர்லா வரை

மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சியைப் பந்தயக் காரின் உறவினர் என்றால் பலரும் நகைப்பர். ஆயினும் ஆவணங்கள் அவ்வாறே சொல்கின்றன. பிரீமியர் பத்மினியின் 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின், 1937-இல் இத்தாலியின் டூரின் நகரில் ஃபியட் வெளியிட்ட 508 சி காரின் வழித்தோன்றல். சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 75 மில்லிமீட்டர் என்னும் அளவுகள்கூட மாறவில்லை. அதே 508 சி-யின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்டே என்சோ ஃபெராரி 1940-இல் தமது முதல் பந்தயக் காரான 815-ஐ உருவாக்கினார்.

1944-இல் வால்சந்த் ஹீராசந்த் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், செம்பூருக்கும் தாராவிக்கும் இடைப்பட்ட குர்லாவில் தன் ஆலையை அமைத்தது. 1950-களில் அங்கே ஃபியட் 1100 உருப்பெறத் தொடங்கியது. 1970-களில் அக்குடும்பத்துக்குப் பத்மினி என்று பெயர் வந்தது. திறந்த நெடுஞ்சாலைக்குப் பிறந்த எஞ்சின், சயான், மாட்டுங்கா சந்திப்புகளின் நெரிசலில் வாழ வேண்டியதாயிற்று. அதன் இந்திய வரலாற்றை வெப்பத்தின் வரலாறாகவும் படிக்கலாம்.

ஓடும் காரில், முன்புறக் கம்பிவலை வழியாக நுழையும் எதிர்க்காற்றே ரேடியேட்டரின் சூட்டைப் பெரிதும் வாரிச் செல்கிறது. வண்டி நின்றுவிட்டால் அக்காற்று அற்றுப்போகும். விசிறி ஒன்றே துணை. பழைய ஃபியட்டின் விசிறியோ எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டது. நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுழல, விசிறியும் மெதுவாகச் சுழலும். காற்று மிகுதியாக வேண்டிய வேளையில்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கும். நீர் கொதித்தால் கேஸ்கெட் பழுதாகும். ஓட்டுநரின் அன்றைய வருமானமும் அதோடு போகும்.

இதற்குப் பணிமனைகள் கண்ட மருந்துகள் பல. அவற்றுள் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நாடெங்கும் பரவியது. ஆனால் எஞ்சின் சூடேறியதும் தெர்மோஸ்டாட் தானே திறந்துகொள்ளும்; ஆகவே, பழுதற்ற ஒன்றைக் கழற்றுவதால் நெரிசலில் பெரும்பயன் இல்லை. காலையில் எஞ்சின் உரிய சூட்டை எட்டத் தாமதமாகி, தேய்மானமும் எரிபொருள் செலவும் கூடுவதே மிச்சம். பானெட்டின் பின்விளிம்பைச் சற்றே உயர்த்தி வைப்பது மற்றொன்று. நிற்கும் வண்டியில் வெப்பக் காற்று அவ்வழியே மேலெழும். விரைந்தோடும் வண்டியிலோ முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் மிகுவதால், வெளியேற வேண்டிய காற்று உள்ளே திரும்பலாம். உறுதியான பலன் தந்தவை எளிய வேலைகளே: ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடைத்தல், விசிறிக்கு வளையக் கூடு அமைத்தல், உப்புப் படிவை நீக்குதல், மின்விசிறி பொருத்துதல். உள்ளே வந்த காற்று முழுவதும் ரேடியேட்டரின் ஊடாகச் செல்ல வேண்டும். சென்றது வெளியேற வழி வேண்டும். பந்தயக் காருக்கும் டாக்சிக்கும் விதி ஒன்றே.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பை டாக்சிகள் பெருமளவில் சிஎன்ஜிக்கு மாறியபோது சோதனை இன்னும் கடுமையாயிற்று. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளிழுக்கும் காற்றைச் சிறிது குளிர்விக்கும். வாயு எரிபொருளில் அந்த நன்மை இல்லை. வால்வு இருக்கைகள் விரைந்து தேய்ந்தன. நகரத்தின் மூச்சு தெளிந்ததற்கான விலையின் ஒரு பகுதியை அந்த எஞ்சின்கள் செலுத்தின.

கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. இருபதாண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் அதன் ஓட்டம் முடிந்தது. செய்தித்தாள்கள் வண்டிக்கு விடை கொடுத்தன. அதை அத்தனை கோடைகளிலும் கொதிக்காமல் காத்த கைகளைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதின. மாட்டுங்காவில் 1923 முதல் இயங்கும் வி.ஜே.டி.ஐ. கல்லூரியில் வெப்பவியலுக்குப் பாடநூல் உண்டு. தெருவோரப் பணிமனையின் வெப்பவியல் மனிதர் நினைவில் மட்டுமே வாழ்கிறது. அவர்களோ முதுமை எய்திவருகின்றனர்.

தாராவியிலோ செம்பூரிலோ பழைய ஃபியட் மெக்கானிக் எவரேனும் உங்கள் உறவிலோ அண்டையிலோ இருப்பின், அவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து வையுங்கள். எதைக் கழற்றினார், எதைப் பொருத்தினார், ஏன் என்று கேளுங்கள். மும்பைத் தமிழரின் உழைப்பு வரலாற்றில் இந்த ஏடு இன்னும் எழுதப்படவில்லை.