அரசவால் ஈப்பிடிப்பான்

அரசவால் ஈப்பிடிப்பான் (தெர்ப்சிபோன் பாரடிசி) என்பது இந்தியத் துணைக்கண்டத்திலும் நடு ஆசியாவிலும் காணப்படும் ஒரு பாடும் பறவை ஆகும். இது வேதிவால் குருவி எனவும் அழைக்கப்படுகின்றது. 1758 ஆம் ஆண்டில் இதனை விவரித்த லின்னேயசு, காக்கைப் பேரினத்தில் வைத்திருந்தார். இது மத்தியப் பிரதேசத்தின் மாநிலப் பறவை ஆகும்.

வாழிடம்

அடர்ந்த காடுகள், நிழல் மிகுந்த தோப்புகள், நீரோடைக் கரைகள் ஆகியவற்றில் வாழ்கின்றது. பறக்கும் பூச்சிகளே இதன் முதன்மை உணவு. தமிழ்நாட்டிற்குக் குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் பறவைகள் வலசை வருகின்றன. தேனி மாவட்டத்தில் ஓடைப்பட்டி முதலிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இதனைத் தேடுவோர், மேகமலை அடிவாரத்தின் மர நிழல்களைக் கவனிக்கலாம்.

பாலும் பருவமும் அறிதல்

வெள்ளைப் பறவை ஆண், செம்பழுப்புப் பறவை பெண் என்று பலர் கருதுவதுண்டு. இது தவறாகும். செம்பழுப்பு நிறம் இரு பாலுக்கும் உண்டு. எனவே உடல் நிறத்தைவிடத் தொண்டையையும் வாலையும் நோக்க வேண்டும்.

* முதிர்ந்த ஆண்: தலை, கொண்டை, தொண்டை ஆகியன பளபளக்கும் கருமை. உடலின் மேற்புறமும் வாலும் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். உடல் நீளம் 19 முதல் 22 செ.மீ.; நாடா போன்ற இரு நடுவால் இறகுகள் 30 செ.மீ. வரை வளரும்.
* இளம் ஆண்: செம்பழுப்பு நிறம், குட்டை வால். பெண்ணைப் போலவே தோன்றினும் தொண்டை கருமையாகவும், கண்ணைச் சுற்றி நீல வளையமும் இருக்கும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் வால் நீள்கின்றது.
* பெண்: தலை கருமை, தொண்டை சாம்பல் நிறம், முதுகும் குட்டையான வாலும் செம்பழுப்பு.

வெள்ளை நிறம் முதுமையின் அடையாளம் என முன்பு கருதப்பட்டது. ஆனால், இலங்கையில் இனப்பெருக்கம் செய்யும் நீளவால் ஆண்கள் செம்பழுப்பாகவே உள்ளன. அங்குக் காணப்படும் வெள்ளைப் பறவைகள் இந்தியாவிலிருந்து வலசை வருபவை. ஆகவே நிறத்தைக் கொண்டு மட்டும் வயதைத் துணிய இயலாது.

கூட்டில் அமர்ந்திருப்பதும் பெண்ணுக்குச் சான்றாகாது. கூடு கட்டுதல், அடைகாத்தல், குஞ்சுகளுக்கு இரையூட்டல் ஆகியவற்றில் இரு பறவைகளும் பங்கேற்கின்றன.

கணக்கெடுப்பில் கவனிக்க வேண்டியவை

செம்பழுப்புப் பறவைகள் அனைத்தையும் பெண் எனப் பதிவு செய்தால் பெண்களின் எண்ணிக்கை மிகைப்படும். இளம் ஆண்கள் பதிவிலேயே இடம்பெறா. நீண்ட இறகுகள் உதிர்ந்தோ முறிந்தோ போயிருக்கலாம் என்பதால் வாலை மட்டும் நம்புவதும் பிழையாகும். தொண்டை தெளிவாகத் தெரியாத குட்டைவால் செம்பழுப்புப் பறவையைப் "பால் அறியப்படவில்லை" எனக் குறிப்பதே முறையாகும்.