வால்டேர் காணாத தமிழகம்

சீனிவாசர் பத்மாவதித் தாயாரை மணந்த ஊர் நம் நாராயணவனம் என்று தலபுராணம் கூறுகிறது. கல்யாண வேங்கடேசுவரரை இங்கே சேவித்துவிட்டுத் திருமலைக்குச் செல்லும் தமிழ்நாட்டு யாத்திரிகர் பலர். அவர்கள் திருமலையில் செலுத்திய காணிக்கைக்கும், பிரெஞ்சு அறிஞர் வால்டேருக்கும் தொடர்புண்டு என்றால் நம் காலனிக் குடும்பத்தினர் வியப்புறக்கூடும். தொடர்பு உண்டு, அது போர் வழியே வந்த தொடர்பு.

ஆங்கிலக் கம்பெனியாரின் படையுதவியால் பட்ட கடனைத் தீர்க்க, ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி 1750-களில் திருமலைக் கோயில் வருவாயை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டார். கார்வேட்டிநகரப் பாளையத்தைச் சேர்ந்திருந்த நம் ஊர் வழியே போன பக்தரின் காசும் இவ்வாறு வெடிமருந்தாயிற்று. எதிர்ப்பக்கத்திலோ, 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய தளபதி லாலி பணமின்றித் தவித்தார்.

இந்த லாலி நம் முன்னோருக்கு நல்லவராக நடந்தவர் அல்லர். சாதி வழக்கங்களை மதியாது புதுச்சேரி மக்களைச் சுமை தூக்க வைத்தார். தஞ்சை மன்னரிடம் பணம் கேட்டுப் படையெடுத்துச் சென்றபோது கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார். எதிர்பார்த்த செல்வம் கிட்டவில்லை. அங்கே அந்தணர் சிலரை ஒற்றரென்று ஐயுற்றுப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றார். இதனை மறைத்து எழுதுவது முறையன்று. பின்னர்ச் சென்னை முற்றுகையில் தோற்றார். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் தோற்றார். 1761 ஜனவரியில் பட்டினியால் வாடிய புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கம் பிள்ளை கண்மூடியதும் அதே மாதத்தில்தான். ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

தோல்விக்குப் பலர் காரணராயிருந்தும், பிரான்சு ஒருவரையே தேடிற்று. இங்கிலாந்தில் கைதியாயிருந்த லாலி, தம்மீது சாற்றிய குற்றத்தை மறுக்கத் தாமே பாரிசுக்குச் சென்றார். பாஸ்டில் சிறையில் அடைத்தனர். அரசரின் நலனைக் காட்டிக்கொடுத்தார் எனத் தீர்ப்பாயிற்று. 1766 மே 9-ஆம் நாள், பேசாதபடி வாயை அடைத்துக் கொண்டுசென்று தலையை வெட்டினர். கொடியவர்தாம்; ஆனால் துரோகியல்லர். கீவளூரில் செய்த கொலைகளுக்காக அவரை எவரும் விசாரிக்கவேயில்லை என்பதை நாம் நினைக்கவேண்டும்.

இங்கேதான் வால்டேர் வருகிறார். 1694-இல் பாரிசில் பிறந்த இவருடைய இயற்பெயர் பிரான்சுவா மரி அருவே. எழுத்துக்காக இளமையிலேயே பாஸ்டிலில் கிடந்தவர். இங்கிலாந்தில் சில ஆண்டு வாழ்ந்து, அங்குள்ள உரிமைகளை வியந்து எழுதிய நூல் 1734-இல் பாரிசில் தீயிலிடப்பட்டது. 1762-இல் தூலூசு நகரத் துணி வணிகர் கலாஸ், மகனைக் கொன்றாரென்ற பொய்ப்பழியால் சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். மூன்றாண்டு போராடி அத்தீர்ப்பை மாற்றவைத்தவர் வால்டேர்.

நம் நாட்டை அவர் கண்டதில்லை. கேள்வியால் அறிந்ததில் ஏமாந்ததும் உண்டு. 1760-இல் இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்ற பிரபு ‘எசூர் வேதம்’ என்னும் பிரெஞ்சு ஏட்டை அவரிடம் கொடுத்தார். தொன்மையான இந்திய ஞானநூல் என்று நம்பிய வால்டேர், அதனை அரசர் நூலகத்துக்கு அளித்து, தம் நூல்களிலும் புகழ்ந்தார். உண்மையில் அது பாதிரிமார் தம் சமயத்தைப் பரப்ப இயற்றியது! கிறித்தவ சமய அதிகாரத்தை எதிர்த்துப் பேச அவர் எடுத்த கருவி, பாதிரியார் கைவேலையாயிருந்தது. அதன் மூலப்படிகளைப் புதுச்சேரியில் கண்டு ஆராய்ந்து எழுதியவர் வேறெவருமல்லர். திருக்குறளுக்கு உரைகண்ட நம் எல்லீசு துரையே. அவருடைய கட்டுரை 1822-இல் அச்சேறியது. பொய்நூல் பாரிசில் புகழ்பெற்றிருந்த காலத்தில், புதுச்சேரியில் மரிதாஸ் பிள்ளை தமிழ்ப் பாகவதத்தைப் பிரெஞ்சில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அது பாரிசில் வெளிவந்தது 1788-இல். வால்டேர் மறைந்து பத்தாண்டு கழிந்திருந்தது.

வேதத்தில் தவறியவர் வழக்கில் தவறவில்லை. பிரெஞ்சு இந்தியக் கம்பெனியில் வால்டேருக்குப் பணமுண்டு. புதுச்சேரி வீழ்ந்ததால் நட்டமடைந்தவர்களுள் அவரும் ஒருவர். லாலியைப் பழிக்க அவருக்குக் காரணமிருந்தது. எனினும் 1773-இல் இந்தியாவைப் பற்றிய ஒரு நூலை எழுதி, துரோகத்துக்குச் சான்றே இல்லையென்று வாதிட்டார். தந்தையின் பெயரை மீட்கப் போராடிய லாலியின் மகனுக்குத் துணைநின்றார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கிய வயது.

1778 மே மாதம், பாரிசில் மரணப் படுக்கையில் இருக்கையில், அரசவை மன்றம் பழைய தீர்ப்பைத் தள்ளியது என்ற செய்தி எட்டியது. 26-ஆம் நாள் லாலியின் மகனுக்குச் சில வரிகளில் மகிழ்ச்சிக் கடிதம் எழுதுவித்தார். நீதியின் பெயரால் நடந்த கொலைக்குப் பரிகாரம் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, கண்ணில் படும்படி படுக்கையருகே திரைச்சீலையில் குத்திவைக்கச் செய்தார். நான்கு நாள் கழித்து, மே 30-இல், அவர் உயிர் பிரிந்தது.