பாட்டர்சீ பூங்காவின் வெப்பமண்டலத் தோட்டம்

பாட்டர்சீ பூங்கா இலண்டனில் தேம்சு ஆற்றின் தென்கரையில் 1858 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளர் ஜான் கிப்சன், இளமையில் டெவன்சயர் கோமகனுக்காக இந்தியா வந்து ஆர்க்கிட் செடிகளைத் திரட்டியவர். 1860களில் அவர் இப்பூங்காவில் வாழை, பனை வகைகள், மரப்பெரணி, கல்வாழை ஆகியவற்றைத் திறந்தவெளியில் வளர்த்துக் காட்டினார். மண்மேடுகளும் மரங்களும் குளிர்காற்றைத் தடுத்தன.

எனினும் குளிர் தாங்காத செடிகளைக் கோடையில் மட்டுமே வெளியே வைக்க முடிந்தது. மற்ற மாதங்களில் அவற்றைக் காக்கச் சூடேற்றப்பட்ட கண்ணாடிக் குடில்கள் தேவைப்பட்டன. அச்செலவு எளியவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

தோட்டக்கலை எழுத்தாளர் வில்லியம் இராபின்சன், 1871 இல் வெளியான தம் நூலில் இதற்கு மாற்று கூறினார். வெப்பமண்டலத் தோற்றத்தைத் தருவது செடியின் தாயகம் அன்று. இலையின் அளவும் வடிவமுமே. ஆகவே குளிரைத் தாங்கும் பேரிலைச் செடிகளே போதும் என்றார். கண்ணாடிக் குடில் இல்லாதவர்களுக்கும் இதனால் வழி பிறந்தது.